மேசையும் திண்ணையும்



நம்முடைய நாள்களைச் சத்தமின்றித் தின்றுவிடுகிற ஒரு சிறிய காரியத்தை இந்த வாரம் உங்கள் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறேன்.

மாலை 7 மணி. வங்கிக்கு அனுப்பவேண்டிய ஒரு விண்ணப்பத்தை எழுதுவதற்காகக் கணினியின் முன் அமருகிறீர்கள். அரைமணி நேர வேலைதான். திரை ஒளிர்கிறது. அதன் ஓரத்தில் நாளைய வானிலை தெரிகிறது. அருகிலேயே கிரிக்கெட் ஆட்டத்தின் நிலவரம். அதற்குக் கீழே யாரோ ஒரு நடிகரின் இல்லத் திருமணம். கை தானாக அங்கே போகிறது. ஒரு செய்தி இன்னொன்றுக்கு வழிவிடுகிறது. 8 மணிக்கு நீங்கள் தலைநிமிரும்போது விண்ணப்பத்தில் தேதியும் பெறுநர் முகவரியும் மட்டுமே இருக்கின்றன.

அப்பொழுது உங்களையே நொந்துகொள்கிறீர்கள். "எனக்கு மன உறுதி போதாது" என்கிறீர்கள். அந்த வருத்தத்தில் பாதி நியாயம் உண்டு. மறுபாதி, நீங்கள் அமர்ந்த இடத்தைச் சேர்ந்தது. மேசைக்கு முன் அமர்ந்ததாக நீங்கள் எண்ணினீர்கள். உண்மையில் உங்களை ஒரு திண்ணையில் அமர்த்திவிட்டார்கள்.

திண்ணையை நான் குறைத்துப் பேசவில்லை. நம் முன்னோர் வீட்டு வாசலில் திண்ணை கட்டியது வழிப்போக்கன் இளைப்பாறவும், அயலார் வந்து பேசவும், மாலைக்காற்று வாங்கவும்தான். அதற்கு ஒரு வேளை உண்டு. ஒரு மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் கணக்குப்பிள்ளை தம் பேரேட்டைத் திண்ணையில் விரித்து எழுதமாட்டார். தச்சர் தம் உளியைத் திண்ணையில் வைத்துத் தீட்டமாட்டார். வேலைக்கு ஒரு இடம், இளைப்பாறுதலுக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்ததில் ஒரு ஞானம் இருந்தது.

கணினியின் திரையிலும் இந்த இரண்டு இடங்கள் உண்டு. இரண்டையும் அளக்கும் அளவுகோல்கள் வெவ்வேறானவை. வேலைக்கான திரை, நீங்கள் வந்த காரியத்தை எவ்வளவு விரைவில் முடித்து எழுந்துபோகிறீர்கள் என்பதால் நல்லதாகிறது. பொழுதுபோக்குக்கான திரை, உங்களை எவ்வளவு நேரம் அமர்த்தி வைக்கிறது என்பதால் வெற்றி பெறுகிறது. ஒன்று உங்களை அனுப்பிவிட முயல்கிறது. மற்றொன்று உங்களைப் பிடித்துவைக்க முயல்கிறது. இவ்விரண்டையும் ஒரே பலகையில் கலந்து வைத்தால், பிடித்துவைப்பதே எப்போதும் வெல்லும் என்பதை நம் அனுபவமே நமக்குச் சொல்கிறது.

அன்பானவர்களே, இந்தத் திரை முதலில் எதற்காகப் பிறந்தது என்பதைச் சற்று நினைவுகூர்வோம்.

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடிய கணினி வல்லுநர்களின் முன்பாக டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியாளர் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஒரு செயல்விளக்கம் அளித்தார். மவுஸ் என்று நாம் இன்று அழைக்கும் கருவியை அந்தப் பெரிய கூட்டம் கண்டது அன்றைக்குத்தான். அவர் திரையில் ஒரு பட்டியலை எழுதினார், அதை வகைப்படுத்தினார், தொலைவிலிருந்த உடன் பணியாளருடன் ஒரே ஆவணத்தில் வேலை செய்தும் காட்டினார். 1962-இலேயே அவர் எழுதிய அறிக்கையின் கருப்பொருள், மனிதனுடைய அறிவாற்றலை எவ்வாறு பெருக்குவது என்பதாகும். கடினமான சிக்கல்களைச் சேர்ந்து சிந்தித்துத் தீர்க்க ஒரு கருவி வேண்டும் என்பதே அவருடைய வாஞ்சையாக இருந்தது.

1981-இல் ஜெராக்ஸ் நிறுவனம் 'ஸ்டார்' என்ற கணினியை வெளியிட்டது. அலுவலக மேசையைத் திரையில் வரைந்து காட்டிய முதல் வணிகக் கணினி அது. தாள், கோப்புறை, அஞ்சல் வரும் தட்டு, அஞ்சல் போகும் தட்டு ஆகியவை சிறு சின்னங்களாகத் திரையில் கிடந்தன. அதன் விசைப்பலகையில் நகர்த்து, நகலெடு, நீக்கு என்று தனித்தனி விசைகள் இருந்தன. எழுத்தானாலும் படமானாலும் முழுக் கோப்பானாலும் அதே விசை அதே வேலையைச் செய்தது. ஒருமுறை கற்றால் எங்கும் பயன்படும். கற்பவருடைய உழைப்பை மதித்த வடிவமைப்பு என்று இதைத்தான் சொல்லவேண்டும்.

நல்ல பட்டறையில் நடப்பதும் இதுவே. தச்சர் கண்ணால் தேடி உளியை எடுப்பதில்லை; கை நீட்டினால் அது அங்கே இருக்கும். நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும். அவருடைய கண் மரத்தின்மேல் இருக்கிறது. யாரோ ஒருவர் இரவில் வந்து, அழகாக இருக்கட்டும் என்று உளிகளை இடம் மாற்றிவிட்டால், மறுநாள் அவர் மரத்தைப் பார்க்கமாட்டார், உளியைத்தான் தேடிக்கொண்டிருப்பார். திரையின் ஓரத்திலும் மூலையிலும் முக்கியமான பொத்தான்களை வைப்பதற்கும் இப்படிப்பட்ட காரணம் உண்டு. ஒரு குறியைக் கை எட்டும் நேரம் அதன் தொலைவையும் அகலத்தையும் பொறுத்தது என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இல் காட்டினார். திரையின் ஓரத்தில் மவுஸ் அம்பு தானே நின்றுவிடுவதால், அங்குள்ள பொத்தானைத் தாண்டிப் போய்விடும் அச்சம் இல்லை. கண்ணுக்குச் சிறியதானாலும் கைக்கு அது பெரியது.

விசைப்பலகையும் இந்தப் பட்டறையின் ஒரு பகுதியே. தமிழில் நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டுகள் போதும். ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'ந்த', 'ங்க', 'ம்ப' போன்ற இணைகளுக்கும் அப்படியே. தமிழ்ச் சொல் எப்படி அமைகிறது என்பதை அறிந்து வடிவமைத்திருக்கிறார்கள். முதல் நாளில் அது கடினமாகத் தோன்றும். ஒரு மாதம் பொறுமையாகப் பழகியவருக்கோ, விரல்கள் சொற்களோடு சேர்ந்து நடக்கும்.

முதல் மணி நேரத்தின் எளிமை ஒன்று. ஆயிரமாவது மணி நேரத்தின் எளிமை மற்றொன்று. பொழுதுபோக்கிற்கு முதலாவது போதும். வேலைக்கு இரண்டாவதே உயிர்.

இந்த வேறுபாட்டை மறந்ததால் பெரிய நிறுவனங்களும் தடுமாறியிருக்கின்றன. 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 'விண்டோஸ் 8' இயங்குதளத்தை வெளியிட்டது. விரலால் தொட்டு இயக்கும் பலகைக் கணினிகள் பெருகிவந்த காலம் அது. எனவே 1995 முதல் கோடிக்கணக்கானோர் பழகியிருந்த ஸ்டார்ட் பொத்தான் நீக்கப்பட்டது. அதன் இடத்தில், வண்ண ஓடுகள் நிறைந்த ஒரு முகப்பு திரை முழுவதையும் மூடியது. ஓடுகளில் செய்திகளும் படங்களும் தாமாகவே மாறிக்கொண்டிருந்தன. கையில் பிடித்துச் சாய்நாற்காலியில் பார்க்க அது இனிமையாகவே இருந்திருக்கும். ஆனால் மேசையின்மேல் மவுஸும் விசைப்பலகையும் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கணக்கு எழுதுகிறவர் முன்னும் அதே முகப்புதான் வந்து நின்றது. புதிய வகைச் செயலிகள் திரையை முழுதாக ஆக்கிரமித்தன. ஒரு நேரத்தில் இரண்டை மட்டுமே பக்கத்தில் பக்கமாக வைக்க முடிந்தது. பல சாளரங்கள் என்பதையே பெயராகக் கொண்ட ஒன்றுக்கு இது வேடிக்கையான முடிவு. பயனர்கள் முறையிட்டார்கள். 2013-இல் வந்த 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் ஸ்டார்ட் பட்டியலும் திரும்பியது.

ஒரு நிறுவனத்தை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. கட்டற்ற மென்பொருள் உலகிலும் 2011-இல் வெளிவந்த 'க்னோம் 3' பழைய டாஸ்க்பாரை எடுத்துவிட்டது. சாளரத்தைச் சுருக்கும் பொத்தானையும் மறைத்தது. அதை ஏற்க மனமில்லாதவர்கள் 'மாடே', 'சினமன்' என்னும் மாற்றுகளை உருவாக்கிக்கொண்டார்கள். உபுண்டுவை உருவாக்கும் நிறுவனம் கைபேசிக்கும் மேசைக்கணினிக்கும் ஒரே முகப்பு என்ற கனவைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2017 ஏப்ரலில் அதைக் கைவிட்டது. நல்ல திறமையும் நல்ல நோக்கமும் உடையவர்கள்தான் இவர்கள் எல்லாரும். ஆனாலும் நின்று பார்க்கிறவருக்கும் அமர்ந்து உழைக்கிறவருக்கும் ஒரே இருக்கை பொருந்தவில்லை.

ஏன் பொருந்தவில்லை? விரல் தடிமனானது, அதற்குப் பெரிய பொத்தான்களும் நிறைய வெற்றிடமும் தேவை. மவுஸ் அம்பு நுண்ணியது. கைபேசியில் ஒரு நேரத்தில் ஒன்றைப் பார்ப்பதே இயல்பு. மேசையில் செய்யும் வேலையோ ஒப்பிட்டுப் பார்ப்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. மொழிபெயர்ப்பவருக்கு இடப்பக்கம் மூலமும் வலப்பக்கம் தம் எழுத்தும் தெரியவேண்டும். கணக்கருக்கு ரசீதும் பேரேடும் ஒருசேரத் தெரியவேண்டும். ஒன்றைத் திறந்தால் மற்றொன்று மறையும் என்றால், மறைந்ததை அவர் மனத்தில் சுமக்கவேண்டும். திரை சுமக்கவேண்டிய பாரத்தை மனிதன் சுமக்கிறான். பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன.

இனி, ஒரு தகப்பனையும் மகனையும் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். இருவருடைய வாழ்வும் பொதுவில் பதிவானவை.

தகப்பன் ஜெஃப் ராஸ்கின். 1979-இல் ஆப்பிள் நிறுவனத்தில் மேக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கியவர் அவர். பின்னாளில், 2000-ஆம் ஆண்டில், மனிதத்தன்மை வாய்ந்த இடைமுகம் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கணினி மனிதனுடைய வேலைக்குத் தீங்கு வரவிடக்கூடாது. அவனுடைய நேரத்தை வீணாக்கக்கூடாது. தேவைக்கு மேலான உழைப்பை அவனிடம் கேட்கக்கூடாது என்பவை அவர் வலியுறுத்திய நெறிகள். அவர் 2005-இல் மறைந்தார்.

மகன் ஏசா ராஸ்கினும் இடைமுக வடிவமைப்பாளரே. 2006-இல் அவர் ஒரு புதுமையைச் செய்தார். பக்கத்தின் அடியை அடைந்ததும் "அடுத்த பக்கம்" என்ற பொத்தானைத் தேடவேண்டியதில்லை; உருட்ட உருட்ட அடுத்தது தானே வந்துகொண்டிருக்கும். தேடுகிறவரின் ஒரு சொடுக்கை மிச்சப்படுத்துவதே நோக்கம். தகப்பனுடைய நெறிக்கும் அது பொருந்துவதாகவே தோன்றியது. ஆனால் அந்த முடிவற்ற உருட்டலைச் சமூக ஊடகங்கள் எடுத்துக்கொண்டபோது, பக்கத்தின் முடிவு இல்லாமற்போனது. "போதும்" என்று சொல்லும் இடமும் இல்லாமற்போனது. பின்னர் தம் கண்டுபிடிப்பைக் குறித்துத் தமக்குள்ள வருத்தத்தை ஏசா ராஸ்கின் வெளிப்படையாகவே கூறினார். 2018-இல், தொழில்நுட்பம் மனிதத்தன்மையோடு இருக்கவேண்டும் என்பதற்காக உழைக்கும் ஓர் அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவரானார்.

பிரியமானவர்களே, இதைப் படிக்கும்போது எனக்கு அவர்மேல் மதிப்பே உண்டாகிறது. தன் கையின் கிரியை என்ன விளைவித்தது என்று திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. ஒரே உத்தி, தேடுகிறவனுக்கு உதவியாகவும் சோர்ந்தவனுக்குக் கண்ணியாகவும் இருக்கக்கூடும். அது எந்த இடத்தில் வைக்கப்படுகிறது, யாருடைய ஆதாயத்திற்காக வைக்கப்படுகிறது என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

"அப்படியானால் கணினியில் விளையாட்டே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கூடும். 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இலேயே 'சாலிட்டேர்' என்ற சீட்டு விளையாட்டு இருந்தது. மவுஸால் இழுத்து வைக்கும் பழக்கத்தைப் பலர் அதில்தான் கற்றார்கள். ஆனால் அது அழைத்தால் மட்டுமே வந்தது. ஓர் ஆட்டம் ஒரு முடிவை அடைந்தது. நீங்கள் கடிதம் எழுதும்போது அது வந்து உங்கள் தோளைத் தட்டவில்லை.

"கைபேசியின் எளிமையால்தானே படிக்காதவர்களும் பயன்பெற்றார்கள்?" என்றும் கேட்கலாம். அது உண்மை; அதற்காக நன்றியுள்ளவர்களாக இருக்கவேண்டும். வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளையின் முகத்தை ஒரு பாட்டி காணமுடிகிறதென்றால், அது அந்த எளிமை தந்த ஈவு. ஆனால் கைபேசியை மட்டுமே அறிந்து வளர்ந்த பிள்ளை வேலைக்குச் சேரும் நாளை நினைத்துப் பாருங்கள். கோப்பை எந்த ஃபோல்டரில் சேமிப்பது, இரண்டு சாளரங்களை எப்படி அருகருகே வைப்பது, பத்து விரல்களால் எப்படித் தட்டச்சு செய்வது என்பவை அவனுக்கு அந்நியமாயிருக்கும். பார்க்கத் தெரிந்தவன், செய்யத் தெரியாதவனாய் நிற்பான். இழப்பு அவனுடைய பிழைப்பில் விழுகிறது. ஆகவேதான் இதைச் சிறிய காரியம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

திரையை வடிவமைக்கிறவர்களை நாம் உடனே மாற்றிவிட முடியாது. நம்முடைய மேசையையோ நாமே ஒழுங்குபடுத்தலாம். வருகிற ஏழு நாள்களில் இவற்றைச் செய்து பாருங்கள்.

முதலாவது, கணினியின் அமைப்புகளைத் திறந்து, அறிவிப்புகளை நிறுத்துங்கள். அழைப்புக்கும் நாள்காட்டி நினைவூட்டலுக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். டாஸ்க்பாரில் செய்தியோ வானிலையோ தெரிந்தால் அதையும் அகற்றுங்கள். நாம் கேளாமல் வைக்கப்பட்டவற்றை வைத்திருக்க நமக்குக் கடமையில்லை.

இரண்டாவது, ஒரே கணினியில் இரண்டு பயனர் கணக்குகளை உண்டாக்குங்கள்: வேலைக்கு ஒன்று, இளைப்பாற ஒன்று. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இதற்கு வசதி உண்டு. வேலைக் கணக்கில் விளையாட்டும் காணொளியும் இருக்கவேண்டாம். ஒன்றிலிருந்து வெளியேறி மற்றொன்றில் நுழைய அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடமே வாசற்படி. படியைத் தாண்டும்போது, எங்கே போகிறோம் என்பதை மனம் அறிந்துகொள்ளும்.

மூன்றாவது, நாள்தோறும் பயன்படுத்தும் நான்கைந்து செயலிகளை டாஸ்க்பாரில் நிலையான வரிசையில் வையுங்கள்; பிறகு அந்த வரிசையை மாற்றாதிருங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு 1, 2, 3 என்ற எண்களை அழுத்தினால் அந்த வரிசைப்படியே செயலிகள் திறக்கும். சில நாள்களில் உங்கள் கை அவற்றை அறிந்துகொள்ளும்.

நான்காவது, வாரத்திற்கு ஒரு குறுக்குவிசையைக் கற்றுக்கொள்ளுங்கள். சேமிக்க கண்ட்ரோல் எஸ், செய்ததைத் திரும்பப்பெற கண்ட்ரோல் இஸட், தேட கண்ட்ரோல் எஃப், சாளரம் மாற ஆல்ட் டேப். ஒரு வாரத்திற்கு ஒன்று போதும். தமிழில் எழுதுகிறவர்கள் அந்தப் பட்டியலில் தமிழ்99-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வேலை முடிந்ததும் கணினியை அணைத்துவிட்டு எழுந்திருங்கள். பிறகு திண்ணைக்குப் போங்கள். குற்ற உணர்வின்றி அமருங்கள். வீட்டாரோடு ஒரு படம் பாருங்கள், விளையாடுங்கள், சிரியுங்கள். முடிந்த வேலைக்குப் பின் வரும் ஓய்வு, முடியாத வேலையின் நடுவே திருடிய ஓய்வைவிட எவ்வளவோ இனியது.

அலுவலகத்திற்கோ பள்ளிக்கோ கணினி வாங்கும் பொறுப்பில் நீங்கள் இருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். விற்பவர் காட்டும் முகப்பின் அழகைப் பார்த்துத் தீர்மானிக்காதிருங்கள். அதன் முன் எட்டு மணி நேரம் அமரப்போகிறவரை அழைத்து, அவருடைய அன்றாட வேலை ஒன்றை அதில் செய்துபார்க்கச் சொல்லுங்கள். எத்தனை முறை அவர் தேடித் தடுமாறுகிறார், எத்தனை முறை அவர் கேளாத ஒன்று குறுக்கிடுகிறது என்று அருகிலிருந்து கவனியுங்கள். அவருடைய நேரம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதைச் சிதறவிடுகிற ஒரு பொருளை அவர் மேசையில் வைத்துவிட்டு, ஏன் தாமதம் என்று கேட்பது நீதியாகாது.

இன்று மாலையும் 7 மணி வரும். அந்த விண்ணப்பம் இன்னும் எழுதப்படாமலேயே இருக்கிறது. கணினியைத் திறக்குமுன் ஒரு நிமிடம் அமைதியாக இருந்து, உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எதற்காக இங்கே அமருகிறேன்? பதில் கிடைத்தபின், அந்தப் பதிலுக்கு உதவாத ஒவ்வொன்றையும் திரையிலிருந்து ஒதுக்கிவிட்டு, முதல் வரியை எழுதத் தொடங்குங்கள். 7.30 மணிக்கெல்லாம் முடித்துவிடுவீர்கள். திண்ணையில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் மகிழ்வார்கள்.